நேத்திக்கு வா, ஆச்சி!

1994 அக்டோபரில் என் மாமியார் அம்பாசமுத்திரத்திலிருந்து தில்லிக்கு எங்களோடு இருக்க வந்தார்கள். மாமனார் காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், பேரன் பேத்தியோடு பொழுது போகும் என்று இவர் போய் அழைத்து வந்தார். அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று.

வந்த மூன்றாம் நாள் மகனுக்கு வயிறு சரியில்லை. அத்தை அவனை மடியில் இருத்தி, "எங்கே, நாக்கை நீட்டு ராசா, ஆச்சி பாக்கட்டும்" என்றார்கள். அவன் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து முன்னால் இழுத்தான். "நாக்கைலே, நாக்கை!" இன்னும் பலமாக இழுத்தான். "என்னம்மா இது, இந்தப் பிள்ளைக்கு நாக்கு எது மூக்கு எதுன்னு தெரியலியே" என்று அத்தை கவலையோடு என்னைப் பார்த்தார்கள். மூக்கு சிவந்து, அவன் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தியில் 'நாக்' என்றால் மூக்கு. பிள்ளை சொன்னதைத்தான் செய்தான்.

சாப்பாட்டு வேளையில் இன்னொரு கூத்து. சோறு போதும் என்பதற்கு அவன் கையை நீட்டி, "பஸ், பஸ்" என்பான். "பஸ்ஸு வந்தா போகட்டும், நீ இன்னும் ஒரு வாய் வாங்கிக்கோ" என்று அத்தை அடுத்த உருண்டையை ஊட்டுவார்கள். நிஜமாகவே பள்ளிக்கூட பஸ் வரும்போது ஜன்னலில் நின்றுகொண்டு, "ஆச்சி, பஸ் வந்துட்டா!" என்று கத்துவான். யாரோ பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டு வாசலுக்குப் போவார்கள்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தார்கள். ஆனால் ஒருநாள் ராத்திரி அடுக்களையில் பாத்திரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டே, "பேரன்கிட்ட நாலு வார்த்தை பேசிக்கிட்டுக் கெடக்கலாம்னு வந்தேன். அவன் பேசுதது எனக்கு வெளங்கல, நான் பேசுதது அவனுக்கு வெளங்கல" என்றார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் வேலையாக இருந்தேன். மகனைக் கீழ்வீட்டில் இருந்த பீகார்க்கார அம்மாள்தான் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டாள். அதனால் அவனுடைய இந்தி நன்றாக இருந்தது, தமிழ்தான் வேடிக்கையாக இருந்தது. ஏன் பிள்ளைகள் இப்படிப் பேசுகிறார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்போது மகள் வயிற்றுப் பேரனும் அதே வேடிக்கைகளைச் செய்கிறான். தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் எல்லா வீடுகளிலும் இவை நடப்பதால், படித்ததையும் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மழலை. எந்த ஊர்க் குழந்தையானாலும் முதலில் வருவது உதடு சேர்ந்து வரும் ப, ம ஒலிகள்தாம். உலகத்து மொழிகள் பலவற்றில் தாயையும் தகப்பனையும் அழைக்கும் சொற்கள் ஒன்றுபோல இருப்பது இதனால்தான் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-ல் விளக்கி எழுதினார். குழந்தை என்னவோ உதட்டைத்தான் அசைக்கிறது. பெற்றவர்கள், "என்னைத்தான் கூப்பிடுது" என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். நம் வீடுகளில் சோற்றுக்கு 'மம்மு' என்கிறோம் அல்லவா? சார்லஸ் டார்வின் தம் மூத்த மகனின் குழந்தைப் பருவத்தைக் குறித்து வைத்திருந்து 1877-ல் கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தப் பிள்ளை உணவுக்குத் தானாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்தானாம். என்ன சொல் தெரியுமா? 'மம்'! டார்வின் வீட்டுக்கு நம் ஊர் ஆச்சி யாரும் போயிருக்க மாட்டார்கள்.

ர, ழ போன்றவை மெதுவாகத்தான் வரும். என் மகனுக்கு ரயில் நெடுநாள் 'லயில்'. 'வாயப்பயம்' என்று கேட்பான். இதை இவர் உட்கார வைத்துத் திருத்தப் பார்த்தார். "வாளப்பளம்னு சொல்லுலே, வாளப்பளம்!" திருநெல்வேலிக்காரர் ழகரம் கற்றுக்கொடுத்த அழகு அவ்வளவுதான்.

அடுத்து, நான்-நீ குழப்பம். இரண்டு வயதில் மகள் கையைத் தூக்கிக்கொண்டு, "உன்னைத் தூக்கு" என்பாள். தன்னைத் தூக்கச் சொல்கிறாள் என்று அர்த்தம். யோசித்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. பால் என்றால் எப்போதும் பால்தான், யார் சொன்னாலும் பால்தான். ஆனால் 'நான்' என்ற சொல் யார் வாயில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். எல்லாரும் அவளைப் பார்த்து 'உன்னை' என்றால், 'உன்னை' என்பது தன் பெயர் என்றுதானே நினைப்பாள்? இதே கணக்கில் அவள் தன் அப்பாவை ஒரு வருஷத்துக்கு "ஏங்க" என்று கூப்பிட்டாள். நான் கூப்பிடுவதைத்தானே கேட்கிறாள்! பஸ் ஸ்டாப்பில் எல்லார் முன்னாலும், "ஏங்க, ஐஸ்கிரீம்" என்றதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இவையெல்லாம் ஊரில் இருந்தாலும் நடக்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில உண்டு. என் மகன் மூன்று வயதில் இந்தியில் "மை காவூங்கி, மை ஜாவூங்கி" என்றுதான் பேசுவான். பெண்கள் பேசும் பேச்சு. தமிழில் ஆணானாலும் பெண்ணானாலும் 'போவேன்' ஒன்றுதான். இந்தியில் ஆண் 'ஜாவூங்கா' என்பான், பெண் 'ஜாவூங்கி' என்பாள். பகல் முழுதும் அவன் காதில் விழுந்தது அந்த அம்மாளின் பேச்சு. அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போய்ப் பையன்களோடு சேர்ந்ததும் இரண்டே மாதத்தில் தானாக மாறிவிட்டது. இவர்தான் அதுவரை பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் 'வந்துட்டா' என்றதும் இதே வகைதான். இந்தியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. பஸ்ஸும் பெண், காடி என்கிற வண்டியும் பெண். நமக்கோ அவை எல்லாம் 'அது'. பையன் இந்திக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்து, பஸ்ஸை ஒரு பெண்ணாக மதித்து, 'வந்துட்டா' என்றான். தப்புதான், ஆனால் மூளை இல்லாமல் செய்த தப்பு இல்லை பாருங்கள்.

எல்லாவற்றிலும் என் மனதில் தைத்தது 'நாம'. தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் ஓடிவந்து, "ஆச்சி, நாம பார்க்குக்குப் போறோம்!" என்றான். அத்தைக்கு ஒரே சந்தோஷம். நல்ல சேலை மாற்றி, சால்வை எடுத்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவனும் அக்காவும் போய்விட்டார்கள். அவன் சொல்ல வந்தது 'நாங்க'. நான் கடையிலிருந்து திரும்பியபோது அத்தை செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "நம்மளைக் கூப்பிடலம்மா, சும்மா சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள்.

இனி, பிள்ளைகள் செய்யும் பிழை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பதற்கு என் மகளின் 'அழுந்தேன்' கதை. இது எனக்குச் சிரிப்பான கதை இல்லை.

இரண்டரை வயதில் அவள் அழகாக, 'அழுதேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வயதில் 'அழுந்தேன்' ஆகிவிட்டது. வளர வளரத் தமிழ் தேய்கிறதே என்று பயந்தேன். உண்மையில் அது வளர்ச்சி. முதலில் குழந்தை சொல்லை முழுசாக விழுங்கி அப்படியே திருப்பிச் சொல்கிறது. பிறகுதான் சொல்லுக்குள் ஒரு விதி இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. விழு, விழுந்தேன். எழு, எழுந்தேன். அப்படியானால் அழு? அழுந்தேன்! பாணினிக்கும் தொல்காப்பியருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். அழு, தொழு, உழு என்று ஒரு கூட்டம் மட்டும் அழுதேன், தொழுதேன், உழுதேன் என்று வேறு வழியில் போகும் என்பது கேட்டுக் கேட்டுத்தான் படிய வேண்டும். தில்லியில் யார் அவள் எதிரில் தொழுதார்கள், உழுதார்கள்?

பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லவில்லை, விதியைப் பிடித்துப் பேசுகிறார்கள் என்பதை 1958-ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அழகாக நிரூபித்தார். பறவை மாதிரி ஒரு படம் வரைந்து, அதற்கு 'வக்' என்று இல்லாத பெயர் ஒன்றை வைத்தார். "இது ஒரு வக். இப்போது இன்னொன்று வந்துவிட்டது. இரண்டு...?" என்று நிறுத்தினார். பிள்ளைகள் 'வக்ஸ்' என்று முடித்தார்கள். உலகத்திலேயே இல்லாத சொல்லை யார் சொல்லி அவர்கள் கேட்டிருக்க முடியும்?

இதெல்லாம் தெரியாமல் போன காலம். 1993 கோடை விடுமுறையில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். மகளுக்கு ஐந்து வயது. திண்ணையிலிருந்து விழுந்துவிட்டு, எல்லாரிடமும் பெருமையாக, "நான் விழுந்தேன், அப்புறம் அழுந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். வீடு நிறைய இருந்த பிள்ளைகள், "அழுந்தேன், அழுந்தேன்" என்று பாட்டாகவே பாடிக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றினார்கள். 'இந்திக்காரி' என்று பெயரும் வைத்தார்கள். பெரியவர்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஊரில் இருந்த பத்து நாளும் அவள் தமிழில் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டுவாள், அவசரம் என்றால் என் காதில் இந்தியில் சொல்வாள். தில்லிக்குத் திரும்பியும் அது விடவில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இந்தியில் பதில் சொல்வாள். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு என்று எனக்குத் தெரியும். 'அவளுக்குப் புரியும், பேசத்தான் மாட்டாள்' என்று சொல்லிக்கொள்வோம். ஏன் பேச மாட்டாள் என்று கேட்டுக்கொள்வதில்லை.

அந்தச் சமயம் ஒரு டாக்டர் என்னிடம், வீட்டில் இரண்டு பாஷை பேசுவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள், வெளியே என்ன பாஷையோ அதையே வீட்டிலும் பேசுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் சரியில்லை. ஜூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சுக்காரர், மனைவி ஜெர்மன்காரி. மகன் பிறந்ததும், 'ஆளுக்கு ஒரு மொழி' என்று வைத்துக்கொண்டு, தகப்பன் பிரெஞ்சும் தாய் ஜெர்மனும் மட்டுமே பேசி வளர்த்து, அந்த அனுபவத்தை 1913-ல் புத்தகமாக எழுதினார். பிள்ளை இரண்டையும் நன்றாகவே பேசினான். அமெரிக்காவில் வெர்னர் லியோபோல்ட் என்ற பேராசிரியர் தம் மகளிடம் ஜெர்மனிலேயே பேசி, அவள் பேச்சை நாள் தவறாமல் குறித்து, 1939-க்கும் 1949-க்கும் இடையில் நாலு பாகமாக வெளியிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம்தான் ஓங்கி இருந்தது. ஐந்து வயதை ஒட்டி ஜெர்மனிக்குப் போய்ச் சில மாதம் இருந்தபோது ஜெர்மன் மடமடவென்று மேலே வந்தது, ஆங்கிலம் பின்வாங்கியது. திரும்பியதும் தலைகீழ். மே மாதம் ஊருக்குப் போய் ஒரு மாதம் தெருப் பிள்ளைகளோடு ஆடிவிட்டு வரும் நம் பிள்ளைகளின் தமிழ் ஜூனில் எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கேலி செய்யாத தெருவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாவதில்லை என்பது இன்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். கலந்து பேசுவதும் குழப்பம் இல்லை. அந்த நேரத்துக்கு எந்தச் சொல் கைக்கு எட்டுகிறதோ அதை எடுக்கிறார்கள். ('டைம் ஆச்சு, டிபன் ரெடி' என்று பேசும் நாம் இதைக் குறை சொல்வது கொஞ்சம் அதிகம்.) பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணினால் இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணியும் இரண்டு வயதில் வார்த்தையே வரவில்லை என்றால், பாஷைமேல் பழி போடாமல் முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் பிழையை எப்படித் திருத்துவது? நான் மகளிடம் நேராகவே திருத்திப் பார்த்தேன். "அழுதேன்னு சொல்லு." "அழுதேன்." "ம், சரி. எப்போ?" "விழுந்தப்போ அழுந்தேன்." ஒருநாளும் பலிக்கவில்லை.

அத்தையிடம் வேறு வித்தை இருந்தது. எந்தப் புத்தகமும் படித்து வந்ததல்ல. நாக்கு விவகாரத்துக்குப் பிறகு அவர்கள் அதையே விளையாட்டாக்கினார்கள். "நாக்கு எங்கே?" என்றால் அவன் நாக்கைக் காட்ட வேண்டும். "நாக் எங்கே?" என்றால் மூக்கை. வேகமாக மாற்றி மாற்றிக் கேட்பார்கள். அவன் தப்பாகக் காட்டினால் அவர்கள் ஜெயித்தார்கள், பிறகு அவன் கேட்பான், அவர்கள் வேண்டுமென்றே தப்பாகக் காட்டித் தோற்பார்கள். அவன்தான் ஆச்சிக்கு இந்தி வாத்தியார். மத்தியானம் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, நண்டு ஊரவிடுவார்கள். கக்கத்துக்கு நண்டு வருவதற்குள் சிரித்துச் சுருண்டுவிடுவான். தூரத்தில் நின்ற மகளும் ஒரு வாரத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

திருத்துவதும் விளையாட்டு மாதிரியேதான். "ஆச்சி, பஸ் வந்துட்டா!" "வந்துட்டா? மஞ்ச பஸ்ஸா வந்துருக்கு?" "ஆமா, மஞ்ச பஸ் வந்துருக்கு." தப்பு என்ற சொல்லே கிடையாது. சரியான சொல்லைத் தன் பதிலில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இன்று பேச்சுப் பயிற்சி தருபவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

போன மாதம் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். நாலு வயது. போனில் தாத்தாவிடம் கதை சொல்லும்போது, "தாத்தா, நான் விழுந்து ரொம்ப அழுந்தேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு அவன் தலையைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் நிதானித்து, தமிழில், "ரொம்ப அழுதியாடா கண்ணா? எவ்வளவு நேரம் அழுதே?" என்றாள். "அஞ்சு மணி நேரம் அழுதேன்" என்றான் அவன்.

அத்தை 1995 மார்ச்சில் ஊருக்குக் கிளம்பினார்கள். தில்லிக் குளிரைத் தாங்கியாகிவிட்டது, ஆனால் மாமனாரின் வருஷத் திதி வந்துகொண்டிருந்தது. புது தில்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, நேத்திக்கு வா" என்றான். பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல்தான். முந்தாநாளும் நாளை மறுநாளும்கூட 'பர்சோ' என்ற ஒன்றுதான். முன்னாலா பின்னாலா என்பதைக் கூட வரும் வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். பையனைப் பொறுத்தவரை இன்று இல்லை, இன்றுக்குப் பக்கத்து நாள், அவ்வளவுதான் கணக்கு.

அத்தை சிரிக்கவில்லை. "வாரேன் ராசா. நேத்திக்கே வந்துருதேன்" என்றார்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஓர் இன்லண்டு லெட்டர் வரும். நலம், நலமறிய ஆவல், மழை, வாழைத்தார் விலை எல்லாம் முடிந்து, ஓரத்தில், 'பேரனிடம் ஆச்சி நேத்திக்கு வருவாள் என்று சொல்லவும்' என்று இருக்கும். வாசித்துக் காட்டுவேன். அவன் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

1996 அக்டோபரில்தான் மறுபடி வர முடிந்தது. வண்டியிலிருந்து இறங்கியதும் அத்தை அவனைக் கட்டிக்கொண்டு, "பாத்தியா, சொன்னபடி நேத்திக்கு வந்துட்டேன்!" என்றார்கள். ஐந்து வயது முடிந்திருந்தது அவனுக்கு. அவர்கள் பையில் ஒன்றை இழுத்துக்கொண்டு நடந்தபடியே, "நேத்திக்கு இல்ல ஆச்சி, இன்னைக்கு வந்திருக்கீங்க" என்று நல்ல தமிழில் திருத்தினான்.

அத்தை அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். "என்னம்மா, அதுக்குள்ள படிச்சுட்டானா?" என்று கேட்டார்கள். அவர்கள் குரலில் பாதி சந்தோஷம்தான் இருந்தது.